பதின்மூன்று

ஹீட்டர் வேலை செய்யாத ஸ்கோடா.
ஓட்டுவது நான்.
பக்கத்தில் வைக்கே, மடியில் பிளாஸ்க்.
பின்னிருக்கையில் அவள் தம்பி ஹெல்டுர்,
என் கணவன்,
வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி.

எஸ்தோனியாவின் தென்கிழக்கே
தார் முடிந்தால் சரளை,
சரளையோரம் மின்கம்பங்கள்,
உச்சியில் நாரைகள் விட்டுப்போன கூடுகள்.
எங்கள் மொழியில் அவள் பெயருக்கு வேர் அமைதி.
டார்ட்டூ தாண்டியதிலிருந்து
அவள் வாய் மூடவில்லை.

மூன்று நாளில் நான்கு பேய்கள்,
இது ஹெல்டுர் போட்ட திட்டம்.
முதலாவது ஒரு காற்றாலை.
தூக்கில் தொங்கிய மாவுக்காரன் அங்கே சிரிப்பானாம்.
மழைதான் பெய்தது.
இரண்டாவது கூரையில்லாத தேவாலயம்,
சுவருக்குள் வைத்துக் கட்டப்பட்ட கன்னி.
கல்லில் காதை வைத்துக் கேட்டான் ஹெல்டுர்.
குளவி கொட்டியது.
மூன்றாவதைத் தேடி வழி தவறி
ஒரு பால்பண்ணையில் போய் நின்றோம்.
காது வீங்கியவனை மாடுகள் வெகுநேரம் பார்த்தன.

நான்காவது, சார்வே மாளிகை.
சீட்டு ஏழு யூரோ.
ஜெர்மன் பிரபுக்கள் கட்டியது,
பிறகு கூட்டுப்பண்ணையின் தானியக் கிடங்கு,
பிறகு விடுதிப் பள்ளி,
பிறகு வெறும் பூட்டு, இப்போது நாங்கள்.

வழிகாட்டிப் பெண்ணுக்கு இருபது வயதிருக்கும்.
மாடித் தாழ்வாரத்தில் குரலைத் தணித்தாள்:
வெள்ளைச் சீமாட்டி.
போருக்குப் போன காதலனைத் தேடி
நள்ளிரவில் இந்தக் கோடியிலிருந்து
அந்தப் படிக்கட்டு வரை நடப்பாள்.
பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.
அறுபத்து நான்காம் வருஷக் குளிர்காலத்தில் மட்டும்
பதினோரு முறை.

வைக்கே விரல் விட்டு எண்ணினாள்.
பன்னிரண்டு, என்றாள்.

அப்போது எனக்குப் பதினோரு வயது.
ராத்திரி சூப்பில் உருளைக்கிழங்கைத் துழாவித்தான் பிடிக்க வேண்டும்.
சமையலறை அலமாரி கொண்டை ஊசிக்குத் திறக்கும்.
படுக்கை விரிப்பைத் தலையோடு போர்த்திக்கொண்டால்
வார்டன்கூடக் கண்ணை இறுக்கிக்கொள்வாள்.
ஓரத்தில் சிவப்பு நூலில் சலவை எண், நாற்பத்தேழு.
அதை ஒருத்தரும் எழுதி வைக்கவில்லையா?

பெண் பணிவாகச் சிரித்தாள்.
சீமாட்டி அதற்கு முன்பே இருந்தாள், என்றாள்.
கடையில் அவள் படம் போட்ட கோப்பை கிடைக்கும்.

ஹெல்டுர் சிரிக்கவில்லை.
அதே பள்ளியில், கீழ்த்தளத்தில்,
அந்தப் பேய்க்குப் பயந்து
மூன்று வருஷம் படுக்கையை நனைத்தவன்.
எனக்கு ஒரு துண்டு தரவில்லையே, என்றான்.

தந்தேன்.
நீ போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினால்தானே.
தலையணைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

பேய் வைத்த ரொட்டி என்று
ஜன்னல் வழியே எறிந்தேன், என்றான்.
எல்லாவற்றையும்.

கீழே பனியில் காக்கைகள் கொழுத்திருக்கும்,
அந்தக் குளிர்காலத்தில்.

நாற்பது வருஷமாக அவன் தட்டில்
கறுப்பு ரொட்டியின் ஓரம் மிஞ்சுகிறது.
பல் வலி என்பான்.

அன்றிரவு தங்கியது சதுப்புநிலத்தோரம்,
ஏரிக்கரையில் ஒரு மரக்குடில்.
செல்போனில் ஒரு கோடுகூட இல்லை.
பேயும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்
வீட்டுக்காரர், கேலியாக.
புகைபோட்ட மீன், வெண்ணெய், ரொட்டி.
ஓரத்தை ஹெல்டுர் தின்றான் என்று சொல்ல ஆசைதான்.
தின்னவில்லை.
தட்டைத் தள்ளி வைத்துவிட்டு
விறகு அடுக்கப் போனான், தேவைக்கு மேலேயே அடுக்கினான்.
வைக்கே பேசவில்லை.
அவள் பேசாத வீடு
எனக்குப் புதுச் செருப்புப் போலக் கடித்தது.

சானா முடிந்து அவள் மட்டும்
படகுத்துறைப் பலகையில் போய் நின்றாள்,
ஈரத் தலை, ஆவி பறக்கும் தோள்,
குடிலின் வெள்ளை விரிப்பு கணுக்கால் வரை.
நான் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கரையில் மீன்பிடிக்க வந்தவனின் டார்ச்
ஒருமுறை அவள்மேல் பட்டது,
பட்டென்று அணைந்தது.
தகர வாளி உருண்டது.
நாணல் முறிய முறிய யாரோ ஓடினார்கள்.

அவள் திரும்பவே இல்லை.
பதின்மூன்று, என்றாள்.